நான் ஜெபம்தான் பண்ணினேன்

ஆமாம்மா, அது நான்தான்.

நீங்க ஏறி உட்கார்ந்ததிலிருந்து போனைப் பார்க்கிறதும் என் முகத்தைப் பார்க்கிறதுமா இருக்கீங்களே, எனக்குத் தெரியாதா? இப்ப எங்க போனாலும் இதுதான். போன வாரம் பல் டாக்டர்கிட்ட வாயைத் திறந்துகிட்டு கிடக்கேன். நர்ஸ் பிள்ளை குனிஞ்சு பார்த்துட்டு, "டாக்டர், நம்ம ஜெப ஆன்ட்டி!"ன்னு கத்துது. அவர் சிரிச்ச சிரிப்புல சொத்தைப் பல்லை விட்டுட்டு நல்ல பல்லைக் குடைஞ்சிட்டார். மன்னிச்சிட்டேன். வேற என்ன பண்ண?

அந்த வீடியோவுல இருக்கிறது நான்தான். குரலும் என் குரல்தான். பின்னால ஓடுற அந்த டிங்கு டிங்கு மியூசிக் மட்டும் நான் இல்லை, அது யாரோ வேலையத்தவன் சேர்த்தது. ஒண்ணு மட்டும் சொல்லிடுறேன். அந்தப் படத்தைப் பத்தி நான் ஒரு வார்த்தை குறை சொல்லலை. வேணும்னா திரும்பப் போட்டுப் பாருங்க. நான் ஜெபம்தான் பண்ணினேன்.

நீங்க எதுவரைக்கும்? கோவில்பட்டியா? நான் பாளையங்கோட்டை. மதுரைக்கு ஒரு காரியமா வந்துட்டுத் திரும்பிப் போறேன். அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்துங்க, காத்துல நீங்க பேசுறது காதுல விழலை. நீங்க பேசவே இல்லையா? சரி, நானே சொல்றேன்.

என் பேரு எமரால்ட். எனக்கு ரெண்டு பிள்ளைங்க. மூத்தவன் பூனாவுல இருக்கான், அவன் குடும்பம் அங்கேயே ஆகிப்போச்சு. அடுத்தது பெனிட்டா. மதுரையில ஒரு ஆஸ்பத்திரியில கைகால் வலிக்காரங்களுக்குப் பயிற்சி கொடுக்கிற வேலை. என் வீட்டுக்காரர் தவறினப்புறம் அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறது என் தலையில விழுந்தது. எத்தனை இடம் வந்தது தெரியுமா? எதைச் சொன்னாலும், "உங்க இஷ்டம்மா"ம்பா. அவ 'உங்க இஷ்டம்'னு சொன்னா அது வேண்டாம்னு அர்த்தம். பெத்தவளுக்குத் தெரியாதா? அப்படிப்பட்ட பிள்ளை, மதுரை எபிநேசரைப் பார்த்துட்டு வந்த அன்னைக்கு, "சரிம்மா"ன்னா. அவ்வளவுதான் சொன்னா. நான் அடுப்படிக்குள்ள போய் முழங்கால் போட்டு அழுதேன்.

எபிநேசருக்கு அப்பா இல்லை. பெரியப்பா தனசிங்தான் தூக்கி வளர்த்தவர். அம்மா விமலா, நல்ல தங்கமான பொம்பளை. ஆனா எந்த முடிவானாலும் பெரியப்பா சொல்லணும். அவர் சரின்னா சரி, இல்லைன்னா எபிநேசர் வாயே திறக்கமாட்டான்.

அந்தப் பெரியப்பாதான் பணம் போட்டு அந்தப் படத்தை எடுத்தவர்.

பார்த்தீங்களா, வாயைப் பொத்துறீங்க. எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனா சந்தோஷத்துல. ஏன்னா, எடுக்கிறது 'நீலமலை நிழல்'னு சொன்னாங்க. பழைய 'நீலமலை நிழல்' உங்களுக்குத் தெரியாதா? உங்க வயசுக்குத் தெரியாதுதான். கறுப்பு வெள்ளைப் படம். காதலும் இருக்கும், கொலையும் இருக்கும். இவங்க அதையே திரும்ப எடுத்து 'நீலமலை நிழல் ரிட்டர்ன்ஸ்'னு பேரு வச்சிருந்தாங்க.

நான் சினிமா பார்க்கிற ஆள் இல்லைம்மா. எங்க அப்பா உபதேசியார், சர்ச்ல ஊழியம் பண்றவர். சினிமாப் போஸ்டர் ஒட்டின சுவர்ப் பக்கமாகூட நடக்க விடமாட்டார். ஊரைச் சுத்தித்தான் பள்ளிக்கூடம் போவோம். ஆனா 'நீலமலை நிழல்' எனக்கு அத்துபடி. எப்படின்னா, ஞாயித்துக்கிழமை மத்தியானம் ரேடியோவுல ஒலிச்சித்திரம்னு வைப்பான். ஒரு முழுப் படத்தோட பேச்சையும் பாட்டையும் ஒரு மணி நேரமாச் சுருக்கிப் போடுவான். பக்கத்து வீட்டு கனகு அத்தை ரேடியோவை நடுச்சுவரையொட்டி வச்சிருப்பா. அவ வீட்டுக்காரர் ஈளைக்காரர், நெஞ்சு நிறையச் சளி, பாவம், படுத்த படுக்கை. கட்டிலும் ரேடியோவும் ஒட்டிக் கிடக்கும். சுவருக்கு இந்தப் பக்கம் நான் அரிசியில கல் பொறுக்குவேன். நான் கேட்கலை. காதுல விழுந்தது. படம் ஓடுற ஞாயித்துக்கிழமையில எங்க வீட்டு அரிசியில ஒரு கல் இருக்காது.

என்ன கதைங்கிறீங்க? மாலதின்னு ஒரு ஏழைப் பொண்ணு. நீலமலையில ஒரு பங்களாவுக்கு வேலைக்குப் போறா. முதலாளி ரகு. குரலைக் கேட்டாலே நல்லவன்னு தெரியும். ரெண்டு பேருக்கும் விருப்பம். ஆனா பங்களாவுல ஒவ்வொருத்தராச் சாகிறாங்க. மரப்படியில டொக்... டொக்...னு யாரோ ஏறி வர்ற சத்தம். நாம விரும்புறவன்தான் கொலைகாரனோன்னு அவளுக்குச் சந்தேகம். எனக்கு அந்தச் சந்தேகமே கிடையாது. டாக்டர்தான்னு அப்பவே கண்டுபிடிச்சிட்டேன். ஏன்னா பங்களாவுக்கு ஒரு டாக்டர் வருவார். தேனா பேசுவார். ஆனா ஒவ்வொரு கொலைக்கும் முன்னாடி ஒரு இருமல் கேட்கும். லொக்கு லொக்குன்னு, அடிவயித்துலேர்ந்து. அப்பப்பா, என்ன நடிப்பு! கடைசியில மாலதி, "நீயா!"ன்னு அலறுறா. அந்த நேரம் பார்த்து தெருமுனையில எங்க அப்பாவோட சைக்கிள் மணி. உபதேசியாருக்கு மரியாதைன்னு கனகு அத்தை ரேடியோவைப் பட்டுனு நிறுத்திட்டா. நிறுத்தினா என்ன? இருமல் கேட்டாச்சே.

இந்த முறுக்கு ஒண்ணு எடுங்க. நான் சுட்டதுதான்.

விமலா போன் பண்ணினாங்க. "மதினி, வெள்ளிக்கிழமை படம் வருது. நீங்க பார்த்துட்டுத் தனசிங் அத்தானுக்கு போன்ல ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்க. அவங்க மனசு குளிர்ந்த கையோட நிச்சயத் தேதியைப் பேசிடலாம்."

இதைவிட என்ன வேணும்? எங்க பெண்கள் ஐக்கிய சங்கத்துல சொன்னேன். செயலாளர் சுகந்தி உடனே வேன் பேசிட்டா. சம்பந்தி வீட்டுப் படம்னு எல்லாரும் பட்டுச்சேலை. தியேட்டர் வாசல்ல என் முறுக்கு டப்பாவைப் பிடுங்கி வச்சுக்கிட்டான். அப்பவே எனக்குச் சுருக்குன்னது.

படம் ஆரம்பிச்சது. குறை சொல்லலைம்மா, நடந்ததைச் சொல்றேன்.

முதல்ல, எல்லாத்தையும் மேலேயிருந்தே காட்டுறாங்க. ஏதோ பறக்கிற கேமராவாம். எல்லாரோட வகிடும் தெரியுது, முகம் தெரியலை. மாலதிக்கு நேர் வகிடு, ரகுவுக்கு வகிடே இல்லை, அதை வச்சுத்தான் அடையாளம் பிடிச்சேன். பங்களாவை ரிசார்ட்டா ஆக்கிட்டாங்க. மாலதி உள்ளே போனதும் முதல் வேலையா வைஃபை பாஸ்வேர்டு கேட்கிறா. அவ எங்க மாட்டிக்கிட்டாலும் ரகுவுக்கு லொக்கேஷன் அனுப்பிடுறா. அவன் வந்துடுறான். அப்புறம் எங்கிருந்து பயம்? அந்தக் குளிர்ல அந்தப் பிள்ளைக்கு ஒரு முழுக்கைச் சட்டை கிடையாது. எனக்குக் கொலையைவிட அதுதான் பதறிச்சு.

மரப்படிச் சத்தம் வரும், வரும்னு காதைத் தீட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். வந்திருக்கும்மா. ஆனா மியூசிக் போடுறவன் ரெண்டு நிமிஷம் கை ஓய மாட்டேங்கிறான். கொலைகாரன் லாரி ஓட்டிக்கிட்டு மாடியேறி வந்தாலும் கேட்டிருக்காது. நடுவுல சுகந்தி என் தோள்ல சாஞ்சு தூங்கிட்டா. அந்த இடிச் சத்தத்துல தூங்கினா பாருங்க, அதுதான் விசுவாசம்.

கடைசியில கொலைகாரி யாருன்னா, மாலதியாம்! நான் எழுந்தே நின்னுட்டேன். "அவ இல்லைய்யா, டாக்டர்!"ன்னு சத்தம் போட்டுட்டேன். பின்னால இருந்த பையனுங்க, "ஆன்ட்டி, டாக்டர் இன்டர்வெல்லுக்கு முன்னாடியே செத்தாச்சு, உட்காருங்க"ன்னாங்க. செத்துட்டானாம். ஒரு இருமல்கூட இல்லாமச் செத்துட்டானாம்!

வெளியே வந்தேன். தனசிங் அண்ணாச்சிக்கு போன் பண்ணணும். என்ன நல்ல வார்த்தை சொல்றதுன்னு யோசிச்சுக்கிட்டே நடக்கிறேன். சீட் மெத்துன்னு இருந்தது. ஏசி நல்லா இருந்தது. அதைச் சொன்னா அது தியேட்டர்காரனுக்குப் போகும், இவருக்கு எப்படிப் போகும்? அந்த யோசனையில இருக்கும்போதுதான் ஒரு தம்பி மைக்கை நீட்டினான். கூட ஒருத்தன் கேமராவோட.

"அம்மா, படம் எப்படி இருக்கு? ஓப்பனாச் சொல்லுங்க!"

எனக்குப் பொய் வராதும்மா. உண்மையைச் சொன்னா, எம்மக ஒரே ஒரு தடவை சொன்ன அந்த 'சரிம்மா' போயிடும். சுத்தி ஐம்பது பேர் பார்க்கிறாங்க. இப்படி ரெண்டுக்கும் நடுவுல மாட்டினா எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியும். முந்தானையைத் தலையில போட்டு, கண்ணை மூடிட்டேன்.

"அன்புள்ள பிதாவே, இந்த வேளைக்காக ஸ்தோத்திரம். இவ்வளவு நேரமும் எங்களைப் பொறுமையோடு உட்கார வைத்த கிருபைக்காக ஸ்தோத்திரம். இந்தப் படத்தை டைரக்ட் பண்ணின தம்பியை உம்முடைய கரத்தில் ஒப்புக்கொடுக்கிறேன். அவருக்கு என்ன மனக்கஷ்டமோ, நீர் அறிவீர். கதாநாயகன் பிள்ளைக்கு முகத்தில் ஏதாவது ஒரு உணர்ச்சியைக் கட்டளையிடும். அந்தப் பெண்பிள்ளைக்கு ஒரு ஸ்வெட்டர் கிடைக்க வழி திறந்தருளும். மியூசிக் போட்ட தம்பியின் கோபத்தைத் தணியும். மேலேயே பறந்துகொண்டிருக்கிற கேமராக்காரரைப் பத்திரமாய்த் தரையில் இறக்கும். இடைவேளையில் எழுந்து போனவர்களைச் சமாதானமாய் வீடு கொண்டு சேரும். போக முடியாமல் இருந்தவர்களைத் தேற்றும். ஆமென்."

கண்ணைத் திறந்து பார்த்தா, கூட்டமே கை குவிச்சு நிக்குது. கேமரா பிடிச்ச தம்பி நெத்தி நிறைய விபூதி, அவனும் "ஆமென்"ங்கிறான். எனக்கு மனசு லேசாயிடுச்சு. யாரையும் புண்படுத்தாமத் தப்பிச்சோம்னு வேன்ல ஏறிட்டேன்.

மறுநாள் பூனாவிலிருந்து மகன் கூப்பிட்டான். "அம்மா, எங்க ஆபீஸ்ல இந்திக்காரங்ககூட உங்க வீடியோவைத்தான் பார்க்கிறாங்க! கீழே எழுத்துப் போட்டிருக்கான்!" நான், "ஆண்டவர் எங்கெல்லாம் கொண்டு போறார் பாரு"ன்னேன். அவன் பக்கத்துல மருமக சிரிச்சுச் சிரிச்சு விக்கல் எடுக்கிறது கேட்டது.

பெனிட்டா சிரிக்கலை.

"ஏம்மா இப்படிப் பண்ணினீங்க?"

"என்னட்டி பண்ணினேன்? ஒரு வார்த்தை தப்பாச் சொன்னேனா?"

"நீங்க நாலு திட்டு திட்டியிருந்தாக்கூட யாரும் பார்த்திருக்க மாட்டாங்கம்மா. படம் நல்லா இல்லைன்னு ஆயிரம் பேர் சொல்றான். செத்தவங்களுக்குப் பண்ற மாதிரி ஜெபம் பண்ணினது நீங்க மட்டும்தான்."

"உயிரோட இருக்கிறவங்களுக்கும் அதே ஜெபந்தாம்மா"ன்னேன். போனை வச்சிட்டா. ராத்திரி கூப்பிட்டா எடுக்கலை. அவ எடுக்காத பிள்ளை இல்லை.

அப்புறம் விமலா. குரலே இறங்கிப்போச்சு. "மதினி, அத்தான் ரூமைவிட்டு வெளியவே வரலை. உங்க வீடியோவைப் போட்டுப் போட்டுப் பார்க்கிறாங்க. ஒவ்வொரு தடவையும் கடைசிவரைக்கும் பார்த்துட்டுத் தலையில கையை வச்சுக்கிடுறாங்க. நிச்சயத்தைப் பத்திப் பேச்செடுக்கவே எபிக்கும் எனக்கும் பயமா இருக்கு."

அதுக்கப்புறம் பல நாள் அங்கேயிருந்து போனே இல்லை. எங்க சபையில எனக்காக ஜெபிச்சாங்க. சுகந்தி ஜெபிக்கும்போதே குலுங்கினா. அழுதாள்னு நினைச்சேன். இல்லை.

நேத்து விமலா கூப்பிட்டு, "அத்தான் உங்களை நேர்ல வரச்சொல்றாங்க"ன்னாங்க. வேற ஒண்ணும் சொல்லலை. சம்பந்தம் வேண்டாம்னு நேர்ல சொல்லி அனுப்பத்தான் கூப்பிடுறார்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. பெரிய மனுஷங்க போன்ல சொல்லமாட்டாங்க பாருங்க. முறுக்கு சுட்டு எடுத்துக்கிட்டு, காலையில முதல் பஸ்ல கிளம்பிட்டேன்.

பெனிட்டாவையும் வரச்சொல்லியிருந்தாங்க. ஒரு மூலையில நகத்தைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தா. எதிர்ல எபிநேசர், அவனும் நகத்தைக் கடிக்கிறான். பக்கத்துல விமலா. தனசிங் அண்ணாச்சியோட சம்சாரம் ரூபவதி அக்கா, தாம்பாளத்துல காப்பி கொண்டு வந்தாங்க. அண்ணாச்சி நல்ல ஆறடி ஆள். சோபாவுல சுருங்கிப் போய் உட்கார்ந்திருந்தார். தாடி வேற.

"நீங்க பழைய நீலமலை நிழலைப் பார்த்திருக்கீங்களாம்மா?"ன்னார்.

"பார்த்ததில்லை அண்ணாச்சி. கேட்டிருக்கேன்."

"கேட்டிருக்கீங்களா?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் டிவியைப் போட்டார். சுவர் அகலத்துக்கு டிவி. பழைய படம். "பாருங்க. பார்த்துட்டுச் சொல்லுங்க, நான் எதைக் கெடுத்தேன்னு."

பார்த்தேன். இத்தனை வருஷத்துக்கப்புறம் என் மாலதியைக் கண்ணால பார்க்கிறேன்.

அம்மா, அது வேற யாரோ. என் மாலதி ஒல்லியா, ரெட்டைச் சடையோட, கொஞ்சம் எங்க சின்னம்மா சாயல்ல இருப்பா. இது கொண்டை வச்ச பொம்பளை. ரகுவுக்குத் தொப்பை. ரேடியோவுல அவனுக்குத் தொப்பையே கிடையாது. மரப்படி? ஆறே படி! ஆறு படியில எப்படிம்மா அவ்வளவு நேரம் ஏறுவான்? அப்புறம் டாக்டர் வந்தார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பேசினார், பேசினார். இருமவே இல்லை. பாதிப் படத்துல செத்தும் போயிட்டார்.

"இருமலை எடுத்துட்டாங்க அண்ணாச்சி"ன்னேன்.

"எந்த இருமல்?"

இருமிக் காட்டினேன். லொக்கு லொக்குன்னு, அடிவயித்துலேர்ந்து.

பெனிட்டா மெதுவா, "அம்மா, ரேடியோவுக்குப் பக்கத்துல ஒரு தாத்தா படுத்திருந்தார்னு சொல்வீங்களே, ஈளைக்காரர்..."ன்னா.

"ஆமா, அவருக்கென்ன?"

"ஒண்ணுமில்லைம்மா"ன்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டா. எபிநேசர் திரும்பிச் சுவரைப் பார்த்தான். அவன் தோள் ரெண்டும் ஆடுது. இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு எதுக்கு எதைப் பேசணும்னு தெரியலை. கொலைக் கதை ஓடிக்கிட்டிருக்கு, இவ அந்த மனுஷனை எதுக்கு இழுக்கணும்? டிவிக்குப் போடும்போது நிறைய வெட்டிடுவாங்கன்னு சுகந்தி சொல்லியிருக்கா. அதுல போயிருக்கும் இருமல்.

அண்ணாச்சி டிவியை நிறுத்தினார். இப்ப சொல்லப்போறார்னு பெனிட்டா முகம் வெளிறிப்போச்சு. நான் மடியில கையைக் கோத்துக்கிட்டேன்.

"நான் உங்களைக் கூப்பிட்டது படத்துக்காக இல்லை"ன்னார். "டைரக்டருக்கு ஜெபம் பண்ணினீங்க. ஹீரோவுக்குப் பண்ணினீங்க. ஹீரோயினுக்கு ஸ்வெட்டர்கூட கேட்டீங்க. கேமராவைப் பறக்கவிட்டானே அந்தப் பயலுக்கும் பண்ணினீங்க. எழுந்து போனவனுக்கும் பண்ணினீங்க. தயாரிப்பாளர்னு ஒரு மனுஷன் இருக்கானேம்மா! நான் என்ன பாவம் பண்ணினேன்? எத்தனை தடவை போட்டுப் பார்த்துட்டேன், எங்கேயாவது என் பேரு வருதான்னு. எல்லாரைவிடவும் எனக்குத்தானேம்மா தேவை?"

எங்க பக்கத்துல ஜெபத்துல ஒருத்தர் பேரை விடுறது, கல்யாணப் பத்திரிகையில பெரியப்பா பேரை விடுறது மாதிரி. நான் வேணும்னுதான் விட்டேன். சம்பந்தியாகப் போறவர் பேரை நடுரோட்டுல எதுக்கு இழுக்கணும்னு விட்டேன். அது இந்த மனுஷனுக்குச் சோறு இறங்காமப் பண்ணியிருக்கு.

"அண்ணாச்சி, தப்பா எடுக்காதீங்க. இப்ப பண்ணிடுவோம்"னேன்.

எல்லாரும் எழுந்து நின்னோம். அவர் குழந்தை மாதிரி வந்து என் முன்னால தலை குனிஞ்சு நின்னார். நான் முந்தானையைப் போட்டேன்.

"பிதாவே, தனசிங் அண்ணாச்சியை அவர் பேர் சொல்லி உம்முடைய சமுகத்தில் கொண்டுவருகிறேன். தகப்பனில்லாப் பிள்ளையைத் தூக்கி வளர்த்த கை இது, இந்தக் கையைத் திடப்படுத்தும். சாப்பாடும் தூக்கமும் திரும்ப வரட்டும். அந்தத் தாடியை எடுக்க மனம் தாரும். நடந்ததெல்லாம் நடந்தது, அது உமக்கும் தெரியும், பார்த்தவர்களுக்கும் தெரியும். பிள்ளைகள் இருவரையும் இணைத்து ஆசீர்வதியும். முடிவாக ஒரே ஒரு விண்ணப்பம்: இனி தன் வாழ்நாள் முழுவதும் அண்ணாச்சி இன்னொரு படம் எடுக்காதபடி அவரைக் காத்துக்கொள்ளும்."

"ஆமென்!"

நான் சொல்றதுக்கு முன்னாடியே வந்துடுச்சும்மா. ரூபவதி அக்கா. எங்க சபையில கன்வென்ஷன் கூட்டத்துல மைக் வச்சுக்கூட நான் அப்படியொரு ஆமென் கேட்டதில்லை. கண்ணுல தண்ணி. "ஆமென், ஆமென், ஆமென்"னு நிறுத்தவே இல்லை. விமலாவும் சேர்ந்துக்கிட்டாங்க. எபிநேசரும். அண்ணாச்சி எல்லாரையும் சுத்திப் பார்த்தார். பார்த்துட்டு, கடைசியா அவரும் மெதுவா ஒரு ஆமென் சொன்னார்.

அடுத்த மாசம் ரெண்டாம் வியாழன் நிச்சயம். தேதி சொன்னதும் ரூபவதி அக்காதான்.

பெனிட்டா என்னை பஸ் ஏத்திவிட வந்தா. கையைப் பிடிச்சுக்கிட்டே நின்னா. பஸ் நகரும்போதுதான், "சரிம்மா"ன்னா.

அந்த ரூபவதி அக்காவை நினைச்சா எனக்கு இன்னும் புல்லரிக்குதும்மா. புருஷனுக்காக அவ்வளவு ஊக்கமா ஜெபிக்கிற பொம்பளையை நான் பார்த்ததே இல்லை. எவ்வளவு பக்தியான குடும்பம்! எம்மக கொடுத்து வச்சவ.

கோவில்பட்டி வந்துடுச்சா? இறங்குங்க, பார்த்து இறங்குங்க. உங்க பேரு என்னம்மா, கேட்கவே இல்லையே? சொல்லிட்டுப் போங்க, ஜெபத்துல சேர்த்துக்கிறேன். பஸ் நின்னாச்சு, இப்ப நல்லாக் கேட்குது, பேரை மட்டும் சொல்லுங்க. எதுக்கு இப்படி ஓடுறீங்க?